மஞ்சள் டப்பாவுக்கு முன் கத்தரிக்கோல்

வளர்ப்பு நாயின் உடம்பில் எங்கோ ஒரு புண். எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி சோறு வைக்கும்போது இல்லை, காலையில் இருக்கிறது. அடுத்த நிமிடம் யாராவது ஒருவர் அடுப்படிக்குள் போய் மஞ்சள் டப்பாவோடு வருவார். மஞ்சள் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். அதுவும் கைக்கு எட்டாவிட்டால் பைக்கில் வடித்த பழைய ஆயில். என்ன புண் என்று பார்ப்பதற்கு முன்பே அதன் மேல் எதையாவது அப்பிவிடுவது நம் வழக்கம். இந்த வழக்கத்தை விட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காரணம் தெரியாத புண்ணுக்கு வீட்டில் முதலில் தேவைப்படுவது மருந்து இல்லை, கத்தரிக்கோல்.

நான் டாக்டர் இல்லை. கரிசல்காட்டு ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்களில் பராமரிப்பு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டைக் கட்டுவது, ஆட்டைப் பிடிப்பது, நாயின் வாயைக் கட்டுவது, புண்ணைக் கழுவுவது எல்லாம் என் வேலை. டாக்டர் கை வைப்பதற்கு முன் என் கை பட்டிருக்கும். ஓய்வுக்குப் பிறகும் தெருவில் நடந்தால், "அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, நாய்க்கு என்னமோ ஆயிருச்சு" என்று கூப்பிடுகிறார்கள். போகிறேன், பார்க்கிறேன். மருந்து சொல்வதில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பது, கழுவுவது, எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது, இந்த மூன்றைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மஞ்சளுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கழுவாத புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்பினால் அது முடியோடும் சீழோடும் சேர்ந்து காய்ந்து இறுகிவிடும். மேலே காய்ந்த பக்கு, கீழே வெளியே வர வழியில்லாத சீழ். எவ்வளவு ஆழம், ஓரம் என்ன நிறம், கசிவது ரத்தமா, நீரா, சீழா என்று டாக்டர் கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் அந்தப் பக்குக்கு அடியில் கிடக்கும். அதை ஊற வைத்து எடுப்பதற்குள் நாய்க்கு உயிர் போய் உயிர் வரும். காப்பித்தூள், அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சுண்ணாம்பு இன்னும் ஒரு படி மேல், அது சதையையே வேக வைத்துவிடும்.

இவையெல்லாம் புண்ணைக் கெடுப்பவை. நாயையே கொல்லக்கூடியவையும் வீட்டில் இருக்கின்றன. புழு வைத்த புண்ணுக்குள் அந்துருண்டையைப் பொடித்துப் போடுகிறார்கள். நாய் அதை நக்கி உள்ளே இழுத்தால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும். மண்ணெண்ணெய், பெட்ரோல், கரிபினாயில் எல்லாம் தோலைச் சுட்டுவிட்டு நாக்கு வழியாக உள்ளேயும் போகும். சொறிக்குப் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவது பல ஊர்களில் இன்னும் வைத்தியமாகவே இருக்கிறது. சொறியை உண்டாக்குவது தோலுக்குள் குடைந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. அதற்கு மாத்திரையும் ஊசியும் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆயிலில் உள்ள உலோகக் கழிவையெல்லாம் அந்த நாய் நக்கித் தின்ன வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் பக்கம் பருத்திக் காடு. பருத்திக்கு அடிக்கிற மருந்தில் மூடியளவு எடுத்துத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புழுவும் உண்ணியும் சாகும் என்பது கணக்கு. சாகும்தான். ஆனால் அந்த மருந்து தோல் வழியாக, அதிலும் புண் வாய் வழியாக, நேராக உடம்புக்குள் இறங்கும். வாயில் எச்சில் வடியும், தசை துடிக்கும், கால் தள்ளாடும். அட்ரோபின் ஊசி போட்டுப் பிழைத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தக வாசல் வரை வராமலே ஆட்டோவில் முடிந்துபோனவற்றையும் பார்த்திருக்கிறேன். உண்ணிக்காக ஊற்றினோம் என்று கண் கலங்கி நிற்பவர்களிடம் என்ன சொல்வது?

சரி, பார்ப்பது எப்படி?

முதலில் வாயைக் கட்டுங்கள். "எங்க நாய் கடிக்காது அண்ணாச்சி" என்று எல்லாரும் சொல்வார்கள். வலிக்கிற நாய் யாரையும் கடிக்கும். கடித்த பிறகு அதுவும் வருத்தப்படும், நாமும் வருத்தப்படுவோம். அகலமான துணிப்பட்டை ஒன்றில் சுருக்கு வைத்து மூக்குத் தண்டின் மேல் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு முறை குறுக்காகப் போட்டு, காதுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். பழைய துப்பட்டா போதும். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் மூக்குக் குட்டையான நாய்க்கும் இதைச் செய்யக் கூடாது. மற்ற நாய்களுக்கும் வேலை முடிந்த கையோடு அவிழ்த்துவிட வேண்டும், ஏனென்றால் நாய் தன் சூட்டைத் தணிப்பதே வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான்.

அடுத்து, கையுறை. மெடிக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பிறகு கத்தரிக்கோல். சீப்பைத் தோலோடு ஒட்டி வைத்து, சீப்புக்கு மேலே நிற்கிற முடியை மட்டும் வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் தோலில் வெட்டுப் படாது. புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் போதும். சவர பிளேடு வேண்டாம். வெட்டி முடித்ததும் பலர் திடுக்கிட்டுப் போவார்கள். வெளியே மிளகளவு தெரிந்த புண் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற அடர்முடி நாய்களில் மழைக்காலத்தில் இது சாதாரணம். எங்கோ ஓர் அரிப்பு, நாய் அதையே நக்கிக் கடித்து ஈரமாக்கும், ஒரே ராத்திரியில் தோல் உரிந்து சிவந்து கசியும். 'ராத்திரி வரை இல்லை' என்று வீட்டார் சொல்வது இந்தப் புண்ணில் உண்மையாகவே இருக்கும்.

வெட்டியதும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். மறுநாள் அதே வெளிச்சத்தில், அதே நாணயத்தோடு இன்னொன்று. "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல" என்று நம் மனசு சொல்லும், நாணயம் அப்படிச் சொல்லாது. டாக்டருக்கும் அந்தப் படங்கள் நம் வாய்ப்பேச்சைவிட உதவும்.

இனிப் புண் இருக்கும் இடத்தைப் பாருங்கள். காரணத்தைப் பாதி அதுவே சொல்லிவிடும்.

வாலடியிலும் பின்தொடையிலும் முடி கொட்டிப் புண் இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் நாயின் முடியைச் சீவுங்கள். கறுப்புத் துகள் விழும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். செம்மண் நிறத்தில் கரைந்தால் அது வெறும் அழுக்கு இல்லை, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த நாயின் ரத்தம். அந்தப் புண்ணுக்கு எத்தனை களிம்பு போட்டாலும் பூச்சி இருக்கும்வரை ஆறாது.

காதுக்குக் கீழே, கன்னத்தில் ஈரப்புண் என்றால் காதுக்குள் பாருங்கள். காதில் சீழ் வைத்து, நாய் பின்காலால் பிறாண்டிப் பிறாண்டிக் கன்னத்தைக் கிழித்திருக்கும். காது நுனியில் ரத்தம் கட்டிய புண், அதுவும் காது விடைத்து நிற்கிற நாய்களில், பெரும்பாலும் ஈக்கடி.

கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம், உடைந்து சீழ் வரும், ஆறும், சில வாரத்தில் மறுபடி உடையும். இதைக் கண் நோய் என்றும் பூச்சிக்கடி என்றும் நினைத்துச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் அதிகம். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்தால் அது வெளியே வருவது அந்த இடத்தில்தான். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறிவிடும். கல் போன்ற எலும்பைக் கடித்துப் பல் பிளந்த நாய்களுக்கு இது வரும்.

ஆசனவாய்க்குப் பக்கவாட்டில் திடீரென்று ஓட்டை விழுந்து சீழும் ரத்தமும் வந்தால் அங்கே இருக்கிற சிறு சுரப்பி அடைத்து உடைந்திருக்கும். அதற்கு முன் பல நாள் அந்த நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்திருக்கும், நாம் சிரித்திருப்போம். முழங்கை முட்டில் தடித்துப் போன புண், சிமெண்டுத் தரையில் படுப்பதால் வருவது. நாலு சாக்கை மடித்துப் போட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. விரலிடுக்கில் புண் என்றால் முள், ஊசிப்புல், உண்ணி மூன்றையும் தேட வேண்டும். உள்பக்கத்துச் சிறுவிரலின் நகம் தேயாமல் வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தியிருப்பதும் உண்டு.

காலைச் சுற்றியோ வாலைச் சுற்றியோ கோடு கிழித்தது போல வட்டமான புண், அதற்குக் கீழே வீக்கம். இதைப் பார்த்தால் உடனே வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்பேன். முடிக்கு அடியில் ஒரு ரப்பர் பேண்ட் இருக்கும். விளையாட்டாக மாட்டியது, முடி மூடிக்கொண்டது, சதையை அறுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டது. குட்டியில் போட்ட கழுத்துப்பட்டையை நாய் வளர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டு, அது கழுத்துச் சதைக்குள் புதைந்து, நாற்றம் வந்த பிறகு கண்டுபிடிப்பதும் இதே வகைதான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மேலே மஞ்சளைப் பூசிவிட்டால் இந்த இரண்டையும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் அடிபட்ட காயம் என்று விட்டுவிடாதீர்கள். இணை சேரும்போது நாய்க்கு நாய் தொற்றுகிற ஒரு கட்டி உண்டு. பூக்கோசு மாதிரி இருக்கும், தொட்டால் ரத்தம் வரும். வாரம் ஒன்றாக வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். பெண் நாயின் மடியில் உடைந்த புண் இருந்தால் அதற்குள் கட்டி இருக்கிறதா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். வயதான நாய்க்கு எந்த இடத்தில் வந்த புண்ணும் பல நாளாக ஆறாமல் இருந்தால் அதே பேச்சுத்தான்.

கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. இந்த நாய்களுக்கு முடி குட்டை, தோல் மெல்லிசு, ஓட்டமோ அசுர ஓட்டம். முள்வேலியிலும் சீமைக் கருவேல முள்ளிலும் பட்டால் தோல் நீளமாகக் கிழிந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது நேர்மையான காயம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிகிறது. சீக்கிரம் கொண்டுவந்தால் தையல் போட்டு முடித்துவிடலாம்.

நேர்மையில்லாத காயம் கடிக்காயம். மேலே ஒன்றிரண்டு சின்னத் துளை, அவ்வளவுதான். ஆனால் நாயின் தோல் சதையோடு ஒட்டாமல் தளர்வாக இருப்பது. இன்னொரு நாய் கவ்வி உதறும்போது மேல்தோல் தாங்கிக்கொள்ளும், உள்ளே சதை கிழிந்து வெற்றிடம் உண்டாகிவிடும். பல் கொண்டுபோன கிருமி அங்கே பெருகும். மேல்துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் நாய் சோறு தின்னாது, அந்த இடம் வீங்கிச் சுடும். துளையைப் பிளாஸ்திரி போட்டு மூடாதீர்கள், வீட்டில் அழுத்திப் பிதுக்காதீர்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கடித்துளை இருந்தால் நாய் நன்றாக நடந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

கையுறையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதற்காகத்தான். எப்படி வந்தது என்று தெரியாத காயத்தை, வேறு காரணம் தெளிவாகும்வரை, கடி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடித்தது எது? தெருநாயா, நரியா, கீரியா? அதற்கு வெறி இருந்ததா? பார்த்தவர் யாரும் இல்லை. வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. கடித்த நாயின் எச்சில் உங்கள் நாயின் புண்ணில் இன்னும் ஈரமாக இருக்கலாம். உங்கள் விரலில் அரிவாள்மணை கீறிய ஒரு கோடு போதும். வெட்டுப்பட்ட தோலில் வெறிநாய் எச்சில் படுவதை உலகச் சுகாதார நிறுவனம் மூன்றாம் வகையில், அதாவது மிக ஆபத்தான வகையில், சேர்த்திருக்கிறது. நேரடிக் கடிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஒரு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். மனிதருக்குக் கடிபட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொல்வது அதனால்தான். நாயின் புதிய கடிக்காயத்தையும் அப்படியே கழுவலாம். பிறகு நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவறாமல் போட்டு வந்த நாயாக இருந்தாலும் கடிபட்டால் உடனே மறுபடி போட வேண்டும். போடாத நாய்க்குப் பொதுவாக 0, 3, 7, 14, 28 என்ற நாள்கணக்கில் தொடர் ஊசி, டாக்டர் எழுதித் தருவார். வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது, நாய்க்கும் கிடையாது, நமக்கும் கிடையாது.

நம் பக்கம் இந்த ஊசிக்கு இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் காலத்து 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தத் தடுப்பூசியைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் தயாரித்தார்கள். அது 2004இல் நம் நாட்டில் நின்றுபோய்விட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் கைத்தோலில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் காசில்லாமல் போடுகிறார்கள். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றுவார்கள். பாட்டி சொன்ன கதைக்காக உயிரை விட வேண்டாம். 2024இல் நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். இதைப் படிக்கும்போது நம் கண் தெருநாயை நோக்கித்தான் போகிறது. அந்தத் தெருநாய் கடித்துவிட்டுப் போன நம் வீட்டு நாயின் கழுத்தை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

கழுவுவது எளிது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், அதில் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் புண்ணின் மேல் பீய்ச்சுங்கள். பஞ்சால் தேய்க்க வேண்டாம், நார் ஒட்டும். மேலோட்டமான புண்ணுக்கு பீட்டாடின் கரைசலை இளந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து ஊற்றலாம். டெட்டாலை அப்படியே ஊற்றுவதும் ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க நுரைக்க ஊற்றுவதும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் கொல்லும். மெடிக்கல் கடையில் 'தோலுக்கு' என்று கேட்டால் எடுத்துத் தருகிற கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்குவதால் நல்ல மருந்து என்று தோன்றும், ஆனால் புண் ஆறுவதைத் தள்ளிப்போடும், தோலை மெலிய வைக்கும். நாம் விழுங்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் குடலில் ரத்தம் கசிய வைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாட்டுக்கு வாங்கி மிச்சமான ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் ஏற்றி நாயைக் கோமாவில் கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. கோலி இன நாய்களுக்கு அந்த மருந்து கொஞ்சம் கூடினாலே ஆகாது.

"நாய் நக்குனா புண்ணு ஆறிரும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதன் எச்சிலில் சில கிருமிகளை அடக்கும் சத்து கொஞ்சம் உண்டு என்பது மெய்தான். ஆனால் நாக்கு சொரசொரப்பானது, வாயில் கிருமியும் ஏராளம். நக்க நக்கப் புண் அகலும், தையல் பிரியும். கழுத்தில் மாட்டும் கூம்பு கடையில் கிடைக்கும். காசில்லையென்றால் தலை நுழையும் அளவுக்கு அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளி. முதுகிலோ வயிற்றிலோ புண் என்றால் பழைய பனியனை மாட்டிவிடலாம், ஈயும் உட்காராது.

ஈயை லேசாக நினைக்காதீர்கள். ஈரப்புண்ணில் காலையில் முட்டையிட்டால் மறுநாள் காலைக்குள் புழு. ஒரு வகை ஈயின் புழு உயிருள்ள சதையையே குடைந்து தின்னும். நாய் ஓரிடத்தில் படுக்காமல் எழுந்து எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் போனாலே வாடை அடித்தால், அங்கே புழு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிகிற நாலு புழுவை எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஆழத்தில் இருப்பதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், நாயை மயக்கிக்கூட எடுக்க வேண்டியிருக்கும். அது வீட்டு வேலை இல்லை. சீத்தா விதையை அரைத்துப் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுத்துவிடும், நாயின் கண்ணையும் உங்கள் கண்ணையும்.

உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டிய நேரங்கள் வேறு சில. துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காதது. ஈறு வெளுத்திருப்பது. கண்ணருகிலோ மூட்டின் மேலோ காயம். முகமோ காலோ மளமளவென்று வீங்கி, துளையிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருப்பது. இது விரியன் கடியாக இருக்கலாம், கட்டுப் போடாமல், கீறாமல் ஓட வேண்டும். தோல் வெந்து உரிந்திருப்பது, யாரோ வெந்நீரோ ஆசிடோ ஊற்றிய அடையாளம். டாக்டரிடம் காட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்கும் போகலாம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. ஆனால் விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இவை எதுவும் இல்லாத, சோறு தின்று வாலாட்டுகிற நாயின் சின்னச் சிராய்ப்பை மட்டும் கழுவிவிட்டு, நாணயத்தோடு படம் எடுத்து, ஓரிரு நாள் பார்க்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "தெனக்கூலிக்குப் போறவன் நாய்க்காக லீவு போட முடியுமா அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மஞ்சள் டப்பாவை எடுக்கிறவர் அறியாமையால் மட்டும் எடுப்பதில்லை. தனியார் கிளினிக்கில் கேட்கிற பணம் அவருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. அரசு மருந்தகத்தில் செலவு அநேகமாக இல்லை, ஆனால் அது திறந்திருக்கிற நேரத்தில் அவர் தீப்பெட்டி ஆபீசிலோ காட்டிலோ இருப்பார். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை வண்டி வரும். அது மாட்டையும் ஆட்டையும் மனதில் வைத்து வந்த ஏற்பாடு, அதில் தவறில்லை. பால் கறக்கிற மாட்டுக்குத்தான் முதல் இடம். நானே அந்த வரிசையை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனாலும் அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது, வேலை விட்டு வருகிறவர்களுக்கு ஏற்ப, இரவு எட்டு மணி வரை ஒன்றியத்துக்கு ஒரு மருந்தகம் திறந்திருக்கட்டும். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி இருக்கட்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தில் முகாம் நடத்திப் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் மார்ச் மாதத்தில் கடிபட்ட நாய் செப்டம்பர் வரை காத்திருக்காது. நாயின் புண்ணைக் கழுவிவிட வருகிற பெண்ணின் கையில் கீறல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற பழக்கமும் அங்கே வர வேண்டும். மனித வைத்தியமும் கால்நடை வைத்தியமும் இரண்டு துறையாக இருக்கலாம். கிருமிக்கு அந்த எல்லை தெரியாது.

அந்த ஏற்பாடு வரும்வரை, ஒரு கத்தரிக்கோல், ஒரு சீப்பு, ஒரு சிரிஞ்சு, இரண்டு ஜோடி கையுறை, தடுப்பூசி அட்டை, இவ்வளவையும் ஒரு பையில் போட்டு நாய்ச் சங்கிலி தொங்குகிற ஆணியிலேயே மாட்டி வையுங்கள். மஞ்சள் குழம்புக்கு இருக்கட்டும்.